மறுமொழி: ‘கெடு நீட்டிப்பு’ போதுமா?

அன்புள்ள சொல்லாக்கக் குழுவினருக்கு,

> கடும் வானிலையின்போது கால்நடைப் பதிவுக்குத் தரும் அவகாசத்தைக் ‘கெடு நீட்டிப்பு’ எனலாம். ‘சலுகைக் காலம்’ என்றாலும் தவறில்லை.

இரண்டுக்கும் என் மனம் ஒப்பவில்லை. சொல்லைத் தேடும் முன் நடைமுறையைப் பார்த்துவிடுவோம்.

பிரிட்டனில் கன்று பிறந்த 20 நாளுக்குள் இரு காதிலும் அடையாள வில்லை மாட்டி, 27 நாளுக்குள் அதன் ‘கடவுச்சீட்டு’ எனப்படும் அடையாள ஆவணத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. மாடு பண்ணை மாறினால் 3 நாளில் தெரிவிக்க வேண்டும். இறந்தால் 7 நாளில். கெடு தப்பிய கன்றுக்குக் கடவுச்சீட்டு கிடையாது. அது இல்லாத மாட்டை இறைச்சிக்கு விற்க வழியில்லை. கொழுகொழுவென்று நிற்கும் கன்று ஒரே நாளில் விலையற்றுப் போகும். இவ்வளவு கண்டிப்புக்குக் காரணமும் உண்டு. 2001-இல் கோமாரி பரவியபோது அங்கே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். நோய் கண்ட மாடு எங்கே பிறந்தது, எந்தச் சந்தை வழியாக வந்தது, அதனோடு நின்ற மற்ற மாடுகள் இப்போது எங்கே என்ற கேள்விகளுக்கு அன்றே விடை வேண்டும்.

இப்போது 2013 மார்ச் இறுதியை நினைத்துப் பாருங்கள். வட இங்கிலாந்தின் கம்பிரியா, வேல்ஸ், வட அயர்லாந்து மலைச்சரிவுகளில் ஆடுகள் குட்டி போடும் பருவம். காற்று அள்ளிக் குவித்த பனிக்கு அடியில் மந்தைகள் புதைந்துபோயின. நீளக் கோலைப் பனிக்குள் குத்திக் குத்தித் தம் ஆடுகளைத் தேடிக்கொண்டிருந்தவரிடம் போய் “படிவம் எங்கே?” என்று கேட்க முடியுமா?

அவர் கேட்பது சலுகை அன்று. ‘விலக்கு’ என்றால் கடமையே போய்விட்டதாகப் பொருள்படும். பதிவை அவர் எப்படியும் செய்தாக வேண்டும். ‘நீட்டிப்பு’ என்றால் புதிய தேதி ஒன்று வேண்டும். பனி எப்போது விலகும் என்று யார் தேதி குறிப்பது? பிடி தளர்கிறது, கயிறு அறவில்லை. அதனால் ‘கெடுத்தளர்வு’ என்பதே என் பரிந்துரை. ‘ஊரடங்குத் தளர்வு’ 2020-இல் எல்லார் வாயிலும் புழங்கிய சொல். புதிதாக விளக்க வேண்டியதில்லை.

‘ட்ரேசிங்’ என்பதற்குக் ‘கண்காணிப்பு’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அது முன்னால் நிற்பதைப் பார்ப்பது. இங்கே வேலை, நடந்து வந்த வழியே பின்னோக்கிப் போவது. ‘துப்பு’ நல்ல பழஞ்சொல்தான். ஆனால் களவுபோன மாட்டை மீட்கக் கொடுக்கும் பணத்தைத் தென்மாவட்டங்களில் ‘துப்புக்கூலி’ என்பார்கள். அந்தத் திருட்டு வாடை இங்கே வேண்டாம். மேயப் போன மாடு திரும்பாவிட்டால் எங்கள் ஊரில் ஈர மண்ணில் குளம்புச் சுவட்டைப் பார்த்து, “தடம் பார்த்துப் போ” என்றுதான் அனுப்புவார்கள். ஆகவே ‘தடமறிதல்’. காதில் மாட்டுவதற்குக் ‘காதுவில்லை’ என்று நம் கால்நடைத் துறையிலேயே வழங்குகிறது. அதைத் தொட வேண்டாம்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன், தடுக்கவில்லை:

“பனியால் சாலை அடைபட்ட பகுதிகளில் கால்நடைத் தடமறிதல் பதிவுகளுக்குக் கெடுத்தளர்வு நடப்பில் இருக்கும். பிறந்த நாளையும் இடம் மாறிய நாளையும் உழவர்கள் குறித்து வைத்திருந்து, வழி திறந்தவுடன் பதிய வேண்டும்.”