நான்கு ஏக்கரில் தாவரக் காப்பிடம் அமைக்க முடியுமா?

கேள்வி: கடலோரவாசி
தேவிபட்டினத்துக்கு அருகே எங்கள் ஊர்ப் பொதுநிலம் நான்கு ஏக்கர், மணல்மேடும் உடைமரங்களுமாகக் கிடக்கிறது. சென்ற ஆண்டு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் வசிக்கும் என் மைத்துனர், அந்த மண்ணுக்கே உரிய அரிய செடிகளுக்கென ஒதுக்கப்பட்ட ஒரு சிறு பூங்காவுக்கு என்னை அழைத்துச் சென்றார். ஒரு மணி நேரத்தில் சுற்றி முடித்துவிடலாம். ஆனால் வாயிலிலேயே காலணியின் அடியைத் தேய்த்துக் கழுவச் சொன்னார்கள். இத்தனை சிறிய இடம் உண்மையில் எதையாவது காக்குமா? எங்கள் நிலத்திலும் அவ்வாறு செய்ய விரும்புகிறேன். வேலியடைத்துச் சவுக்கு நடலாம் என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள்.

மறுமொழி: உப்புக்காற்று
ஐயா, காலணியைக் கழுவச் சொல்வது சடங்கு அன்று. பைட்டோப்தோரா சின்னமோமி என்னும் நுண்ணுயிரி ஈரமண்ணோடு ஒட்டிவந்து வேரை அழுகச் செய்யும். பேங்க்சியா, புல்மரம் போன்ற ஆஸ்திரேலியத் தாவரங்கள் அதற்குக் கூட்டமாக மடிகின்றன. அடிலெய்டு இருக்கும் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தில் இத்தகைய இடங்களை 1972ஆம் ஆண்டின் தேசியப் பூங்கா, வனவிலங்குச் சட்டத்தின் கீழ்க் காப்புப் பூங்காக்களாக அறிவிக்கிறார்கள். புலிக்குத்தான் பரந்த காடு வேண்டும். செடிக்குத் தன் மண்ணும் துணையுயிர்களும் போதும். அங்குள்ள சிலந்தி ஆர்க்கிட் என்னும் பூச்செடிகளில் சில, பெண் குளவியின் மணத்தைப் போல மணம் பரப்பி ஆண் குளவியை ஏமாற்றியே மகரந்தம் சேர்க்கின்றன. விதை முளைக்கவோ மண்ணிலுள்ள ஒரு பூஞ்சை துணைநிற்க வேண்டும். இவற்றையெல்லாம் தொட்டியில் கொண்டுவந்து வளர்ப்பது எளிதன்று என்பதால்தான் இருக்கும் இடத்திலேயே காக்கிறார்கள்.

சவுக்கும் தைலமரமும் ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்டவை என்பதை ஊராரிடம் சொல்லுங்கள். ஆஸ்திரேலியப் பூங்காவைப் பார்த்துவிட்டு வந்து ஆஸ்திரேலிய மரத்தையே நடுவது வேடிக்கைதான்!

மறுமொழி: மணல்மேடு
நடுவதைப் பற்றி முதலில் யோசிக்காதீர்கள். உங்கள் மணல்மேட்டில் அடம்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் இருந்தால், மணலைப் பிடித்து வைக்கும் வேலையை அவையே செய்துகொள்ளும். அடிலெய்டு மலைப்பகுதியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த புதர்களைக் கையால் பிடுங்குவதே தன்னார்வலர்களின் முக்கியமான வேலை. நம் ஊரில் அந்தப் புதர்களைப் போலத் தொல்லை தருவது சீமைக்கருவேலம். அதைத் தரைக்கு மேலே வெட்டினால் புதராய்த் துளிர்த்துவிடும், தூரோடு தோண்ட வேண்டும். கரிமூட்டம் போடுவோரின் பிழைப்பு அதில் இருப்பதால், தோண்டிய கட்டையை அவர்களுக்கே கொடுத்துவிட்டால் வம்பும் குறையும்.

கடலோரவாசி
ஆடுகளை என்ன செய்வது? உடைநெற்றுக்காகக் கோடை முழுவதும் ஊர் ஆடுகள் அங்கேதான் நிற்கின்றன.

மறுமொழி: மணல்மேடு
சீமைக்கருவேல நெற்றைத் தின்ற ஆட்டின் புழுக்கையில் விதை சாகாமல் வந்து முளைக்கும் என்பதே உங்கள் உண்மையான சிக்கல். ஆட்டுக்காரர்களைப் பகைத்துக்கொண்டு வேலி நிற்காது. உடைநெற்றை உலுக்கி வெளியே கொண்டுவந்து போட அவர்களுக்கு உரிமை கொடுத்துவிட்டு, ஆடு மட்டும் உள்ளே வராமல் பாருங்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு மண் இளகியிருக்கும்போது ஒரு சுற்று வந்தால், புதிதாக முளைத்த கன்றுகளைக் கையாலேயே பிடுங்கிவிடலாம்.