சரிபார்த்தும் விடை பிழை: தரம் 9 சமன்பாடு

கொட்டாஞ்சேனை_அம்மா:
மகளின் கணக்கு இது. போனில் தமிழ் கீபோட் மட்டும்தான், அதனால் எக்ஸுக்குப் பதில் ‘க’ போட்டிருக்கிறேன்.

3(க − 2) − 2(க − 5) = 9

அவள் செய்தது:
3க − 6 − 2க − 10 = 9
க − 16 = 9
க = 25

சரிபார்த்தாளாம்: 25 − 16 = 9, பொருந்துது. ஆனால் புத்தகத்தின் பின்பக்கத்தில் விடை 5. எங்கே பிழை? சரிபார்த்தும் ஏன் பிடிபடவில்லை?

வெள்ளவத்தை_ரியூசன்:
அக்கா, பிழை இரண்டாம் வரியில். அடைப்புக்கு வெளியே நிற்பது 2 இல்லை, −2. அது உள்ளே இருக்கிற −5 ஐயும் பெருக்க வேணும்: (−2) × (−5) = +10. அப்போ க + 4 = 9, க = 5. மறைக்குறியோடு அடைப்பை நீக்கும்போது முதல் உறுப்புக்குக் குறியை மாற்றிவிட்டு அடுத்ததை அப்படியே விடுவது இந்தத் தரத்தில் பல பிள்ளைகள் விடுகிற பிழை.

மற்றது, அவள் 25 ஐப் பிரதியிட்டது மூன்றாம் வரியில். பிழை அதற்கு முதலே நடந்துவிட்டது. பிழையான வரியிலிருந்து வந்த விடை அந்த வரிக்குப் பொருந்தத்தானே செய்யும்? எப்பவும் கேள்வியில் தந்த சமன்பாட்டிலேயே போட வேணும். இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக:

இடப்பக்கம்: 3 × 23 − 2 × 20 = 69 − 40 = 29
வலப்பக்கம்: 9

பொருந்தவில்லை. இனி 25 ஐ ஒவ்வொரு வரியாகப் போடச் சொல்லுங்கோ. முதல் வரியில் 29, இரண்டாம் வரியில் 75 − 6 − 50 − 10 = 9. பொருந்தாத வரிக்கும் பொருந்துகிற வரிக்கும் இடையில்தான் பிழை. முழுக்கணக்கையும் அழித்துவிட்டுத் திருப்பிச் செய்யத் தேவையில்லை.

தெஹிவளை_கணக்கு:
பின்னம் வந்தால் இன்னொரு இடத்தில் சறுக்கும். க/2 − (க − 1)/3 = 2 என்பதை 6 ஆல் பெருக்கும்போது வலப்பக்கத்து 2 ஐ மறந்துவிடுவார்கள். 3க − 2(க − 1) = 2 என்று எழுதினால் க = 0 வரும். சரியானது 12; க = 10. பார்க்க: 5 − 3 = 2. பின்னக்கோடே ஒரு அடைப்புத்தான், பெருக்கிய கையோடு (க − 1) க்கு அடைப்புப் போட்டுவிட வேணும்.

கொட்டாஞ்சேனை_அம்மா:
நன்றி சேர். வசனக் கணக்குக்கும் ஒருங்கமை சமன்பாட்டுக்கும் இதே மாதிரியா?

வெள்ளவத்தை_ரியூசன்:
ஒருங்கமைச் சமன்பாட்டில், அதாவது தெரியாத இரண்டு கணியங்களுக்கு இரண்டு சமன்பாடு தந்திருந்தால், விடையை இரண்டு சமன்பாட்டிலும் போட்டுப் பார்க்க வேணும். ஒன்றில் மட்டும் பொருந்துகிற சோடிகள் எத்தனையோ இருக்கும்.

வசனக் கணக்கில் சமன்பாட்டை நம்பவே கூடாது, வசனத்துக்குத் திரும்பிப் போங்கோ. ‘கொப்பியின் விலை பேனையை விட 70 ரூபா கூட. 5 கொப்பியும் 3 பேனையும் 1150 ரூபா.’ பிள்ளை பேனையின் விலையை க என்று வைத்து 5க + 70 + 3க = 1150 என்று எழுதி, பேனை 135 என்கும். அதைச் சமன்பாட்டில் போட்டால் அச்சாவாகப் பொருந்தும்! ஆனால் கொப்பி 205 என்றால் கடையில் 1025 + 405 = 1430 கட்ட வேண்டிவரும். 70 ரூபா கூடினது ஐந்து கொப்பிக்கும்; 5(க + 70) + 3க = 1150. பேனை 100, கொப்பி 170.

தெஹிவளை_கணக்கு:
ஒன்று சேர்க்கிறேன், அடுத்த வருசம் உதவும். சரிபார்த்தல் பிழையான விடையைத்தான் பிடிக்கும், விட்டுப்போன விடையைக் காட்டாது. க² = 5க இல் இரு பக்கத்தையும் க ஆல் வகுத்தால் 5 மட்டும் வரும். 25 = 25, பொருந்தும். ஆனால் 0 உம் ஒரு தீர்வு, அது வகுக்கும்போதே போய்விட்டது. வகுக்காமல் க² − 5க = 0 என்று ஒரு பக்கம் கொண்டுவந்து க(க − 5) = 0 எனக் காரணிப்படுத்தினால் இரண்டும் கிடைக்கும்.