பெய்ஜிங் பூங்காவில் கற்ற பாதுவான்ஜின்

மெதுவான அசைவும் மூச்சும் மனக்கவனமும் சேர்ந்த சீனப் பயிற்சிதான் சிகோங். அதைக் கற்ற என் அனுபவத்தை எழுதுகிறேன். வேலைக்காகப் பெய்ஜிங்கில் இருந்தபோது, சொர்க்கக் கோயில் பூங்காவில் பழைய சைப்ரஸ் மரங்களுக்கு அடியில் பாதுவான்ஜின் என்ற சிகோங் முறையைச் செய்யும் முதியவர்களோடு சேர்ந்துகொண்டேன். சொல்லிக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஒரு அம்மா. எல்லோரும் அவரை 'லாவ்ஷி' (ஆசிரியர்) என்றே அழைத்தார்கள், நானும் அப்படியே.

பாதுவான்ஜினில் எட்டு அசைவுகள். முதலில் இரு கைகளையும் கோத்து வானத்தைத் தாங்குவதுபோல் உயர்த்த வேண்டும். இரண்டாவது, கால்களை அகட்டி முழங்காலை மடக்கி, இடமும் வலமும் வில் இழுப்பதுபோல் செய்வது. கடைசியில் குதிகாலைத் தூக்கி, மெல்ல விட்டு நிலத்தில் தட்ட வேண்டும், ஏழு முறை. மொத்தமும் 12 நிமிடத்தில் முடிந்துவிடும். பார்க்கச் சுலபமாகத்தான் இருக்கும்.

லாவ்ஷி முதலில் இந்த எட்டில் எதையும் சொல்லித்தரவில்லை. சும்மா நிற்கச் சொன்னார். முழங்கால் லேசாக மடங்கி, தோள் தளர்ந்து, மார்புக்கு முன்னால் கைகள் ஒரு மரத்தை அணைப்பதுபோல் வளைந்தபடி. இப்படி நிற்கும் பயிற்சிக்கு ஜான் ஜுவாங் என்று பெயர். கொஞ்ச நேரத்திலேயே தொடை நடுங்கத் தொடங்கும், தோள் தானாக மேலே ஏறும். அவர் வந்து விரலால் என் தோளைத் தொடுவார், அவ்வளவுதான். இறுக்கம் எங்கே இருக்கிறதென்று அப்போதுதான் தெரியும்.

உடல், மூச்சு, மனம் மூன்றையும் சீராக்குவதுதான் சிகோங்கின் அடிப்படை. மூச்சை எண்ணவோ அடக்கவோ அவர் விடவே மாட்டார். தோளும் வயிறும் இளகினால் மூச்சு தானே ஆழமாகும், மனத்தைத் தொப்புளுக்குக் கீழே, தாந்தியன் என்னும் இடத்தில் லேசாக வைத்தால் போதும் என்பார். பிராணாயாமம் பழகியிருந்த எனக்கு இது புதிது. அங்கே கணக்கு உண்டு, இங்கே அதை விட வேண்டியிருந்தது.

1980-களில் சீனாவில் சிகோங் மோகம் பரவியபோது, கையிலிருந்து சக்தியைப் பாய்ச்சி நோயைத் தீர்ப்பதாகப் பலர் சொல்லிக்கொண்டார்கள். அதை நான் நம்புவதில்லை. லாவ்ஷியும் அப்படி எதையும் சொன்னதில்லை. அவர் கற்றுத்தந்தது, 2003-ல் சீன அரசின் விளையாட்டுத் துறை ஒழுங்குபடுத்தி வெளியிட்ட நான்கு முறைகளில் ஒன்று. புலி, மான், கரடி, குரங்கு, பறவை என ஐந்து உயிர்களின் அசைவுகளைக் கொண்ட வு சின் ஷியும் அந்த நான்கில் உண்டு.

அப்புறம் சாங்ஷா நகரத்து அருங்காட்சியகத்தில், மாவாங்துய் கல்லறையில் கிடைத்த பட்டு ஓவியத்தின் மறுவடிவைப் பார்த்தேன். கி.மு. 168-ல் மூடப்பட்ட கல்லறை அது. ஆணும் பெண்ணுமாக 44 உருவங்கள், கை நீட்டியும் குனிந்தும் உடற்பயிற்சி செய்கின்றன. அதன் முன்னால் வெகு நேரம் நின்றுவிட்டேன்.

தொடங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. முழங்கால் வலி இருந்தால் வில் இழுக்கும்போது தாழ உட்கார வேண்டாம். லாவ்ஷியின் குழுவில் 70 தாண்டியவர்கள் பாதி உயரத்தில்தான் நிற்பார்கள், அவர் யாரையும் அதைவிடத் தாழ இறங்கச் சொன்னதில்லை.