அவசரம்: ஆற்றங்கரையில் கேபின் பிடித்துவிட்டேன், அங்கே குளிக்க முடியாதாமே?

திருச்சிப்பொண்ணு எழுதியது (வெள்ளி மாலை)

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை ஆடிப்பெருக்கு. அம்மா ஊரிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறது. "இந்த ஊரில் ஆறே கிடையாதா? ஆடிப் பதினெட்டுக்குக் குழாய்த் தண்ணீரிலா மஞ்சள் கரைப்பது?" என்று தினமும் ஒரு தடவையாவது கேட்டுவிடுகிறார். குட்டிக்கு பீச் வேண்டும். நாங்களே அமெரிக்காவுக்குப் புதிது, கடலே இல்லாத இந்த ஆர்கன்சா மாநிலத்தில் பீச்சுக்கு எங்கே போவது? தேடித் தேடிப் பார்த்து காட்டர் என்ற ஊரில், வொயிட் ரிவர் கரையில், இரண்டு இரவுக்கு ஒரு கேபின் பிடித்தேன். படத்தில் நான்கு படி இறங்கினால் தண்ணீர், அப்படியே அம்மா மண்டபம் மாதிரி. பணம் திரும்பக் கிடைக்காது.

இன்று மதியம் இவருடைய ஆபீஸில் ஒருவர், "அந்த ஆற்றில் யாரும் குளிப்பதில்லை, திடீரென்று தண்ணீர் ஏறும்" என்று சொன்னாராம். நாளைக் காலை கிளம்பவேண்டும். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. என்ன செய்வது? யாராவது போயிருக்கிறீர்களா?

ரெண்டுபெட்டி எழுதியது

தங்கச்சி, தப்பாக நினைக்கவேண்டாம். வந்த புதிதில் கேபின் எல்லாம் தேவையா? நான் மினியாபொலிஸில் ஒரு ஜனவரி மாதம் வந்து இறங்கினேன். இரண்டு பெட்டி, ஒரு ஸ்வெட்டர். அதுவும் ஊரில் வாங்கிய ஸ்வெட்டர். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது கண் இமை ஒட்டிக்கொண்டது. முதல் ஆறு மாதம் ஒரு இடத்துக்கும் போகவில்லை. ஒரு ஏரி பார்க்கவில்லை. பத்தாயிரம் ஏரி இருக்கிற மாநிலம் என்று கார் நம்பர் பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்ததோடு சரி. முதலில் கையில் மூன்று மாத வாடகையைச் சேருங்கள்.

நெய்தல் எழுதியது

ஏரி, ஆற்றுக்கு எல்லாம் பீச் என்று பெயர் வைப்பதே எனக்குப் பிடிக்காது. பீச் வேண்டுமென்றால் டெக்சாஸ் பக்கம் கால்வெஸ்டன் போங்கள். உப்புக்காற்று, அலை, எல்லாம் உண்டு. பத்து மணி நேர டிரைவ்தான். இரவு கிளம்பினால் விடியலில் கடல்.

தூண்டில்காரன் எழுதியது

பத்து மணி நேரம் "தான்"! வயதான அம்மாவை வைத்துக்கொண்டா?

காட்டர் அருமையான ஊர், பயப்படாதீர்கள். நான் நான்கு தடவை போயிருக்கிறேன். ஐந்து வளைவோடு 1930-இல் கட்டிய பாலம் ஒன்று உண்டு. காலைப் பனியில் அதன் அடியில் படகில் போகவேண்டும், அவ்வளவு அழகு. ட்ரவுட் மீனுக்கு அமெரிக்கத் தலைநகரம் என்று அவர்களே பட்டம் கொடுத்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு லைசென்ஸ் எடுங்கள், கைடு வைத்துக்கொள்ளுங்கள். பிடித்த மீனைக் கரையிலேயே மஞ்சள் தடவி வறுத்தால் ஆகா.

திருச்சிப்பொண்ணு

அண்ணா, அம்மா ஆடி மாதம் முட்டைகூடத் தொடமாட்டார். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: குளிக்கலாமா, கூடாதா?

டேபிள்ராக் எழுதியது

கேபினை மறந்துவிடுங்கள். மிசௌரி பக்கம் பிரான்சன் போங்கள். டேபிள் ராக் ஏரியில் அணைக்குப் பக்கத்திலேயே மூன்ஷைன் பீச் என்று மணல் கரை உண்டு. குழந்தைக்கு அதுதான் சரி. நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று சொல்லவே இல்லையே? லிட்டில் ராக் என்றால் ஹாட் ஸ்பிரிங்ஸ்தான் பக்கம், இல்லாவிட்டால் ஹீபர் ஸ்பிரிங்ஸ். அந்த ஹீபர் அணையைத் திறந்துவைக்க கென்னடியே வந்தார், 1963 அக்டோபர் 3. அடுத்த மாதம் அவரைச் சுட்டுவிட்டார்கள்.

பாலைத்திணை எழுதியது

அணை, கென்னடி எல்லாம் சரி. நான் இங்கே எச்-4 விசாவில் (வேலைக்கு வந்தவரின் துணைக்குத் தருவது) ஒன்றரை வருடமாக வீட்டிலேயே இருக்கிறேன். கார் இல்லை. நடைபாதை பாதித் தெருவில் நின்றுவிடும், அதற்கப்புறம் புல்தான். மோர் மிளகாய் வாங்கக்கூட இன்னொருவர் காருக்குக் காத்திருக்கவேண்டும். ஏரி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. உங்களுக்குக் கேபின் பிரச்சினை.

ரெண்டுபெட்டி

அதையேதான் சொல்கிறேன். எனக்குக் கிரெடிட் ஸ்கோர் இல்லையென்று ஒரு அப்பார்ட்மென்டில் மூன்று மாத வாடகையை முன்பணமாகக் கேட்டார்கள். காலி செய்தபோது கம்பளத்தில் மஞ்சள் கறை என்று அதிலும் பிடித்துக்கொண்டார்கள். மஞ்சள் என்றால் என்னவென்று அவர்களுக்கு விளக்கவே ஒரு மணி நேரம்.

நெய்தல்

கறைக்கு பேக்கிங் சோடா போட்டிருக்கலாம்.

பாலைத்திணை

போன ஏப்ரலில் சூறாவளிச் சங்கு ஊதினபோது நான் தனியாகக் குளியல்தொட்டிக்குள் மெத்தையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை யாரிடம் சொல்ல?

திருச்சிப்பொண்ணு

மன்னிக்கவும், பதற்றத்தில் பாதி விஷயத்தை விட்டுவிட்டேன். நாங்கள் பென்டன்வில். வந்து ஐந்து மாதம். இவர் மட்டும்தான் ஓட்டுவார். அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலி. குட்டிக்கு நான்கு வயது. எங்களில் யாருக்கும் நீச்சல் தெரியாது.

பாலைத்திணை, நானும் எச்-4தான். தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

ஓசார்க்அக்கா எழுதியது

யாருக்கும் நீச்சல் தெரியாது என்பதை முதல் வரியில் சொல்லியிருக்கவேண்டும், கண்ணு. பதினொரு வருடமாக இந்தப் பக்கம் இருக்கிறேன். பொறுமையாகப் படி.

உன் வீட்டுக்காரரின் நண்பர் சொன்னது சரி. காட்டருக்கு மேலே புல் ஷோல்ஸ் அணை இருக்கிறது. எட்டு ஜெனரேட்டர். ஆகஸ்ட் வெயிலில் எல்லோரும் ஏசி போடும் மதிய நேரத்தில் மின்சாரத்துக்காகத் தண்ணீரை விடுவார்கள். காலையில் கணுக்காலளவு ஓடுகிற இடத்தில் அப்புறம் இடுப்புக்கு மேல் வந்துவிடும். வருவதும் ஏரியின் அடித்தண்ணீர். கோடையிலும் 10 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், கால் வைத்தால் எலும்பு வலிக்கும். இந்தக் குளிரில் பழைய ஆற்று மீன்கள் நிற்காமல் போனதால்தான் ட்ரவுட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். தூண்டில்காரரின் தலைநகரம் உண்டான கதை அதுதான்.

அம்மாவுக்கு இப்படிச் சொல்: மேட்டூரில் திறந்தால் திருச்சிக்குத் தண்ணீர் வர இரண்டு மூன்று நாள் ஆகும். இங்கே திறந்தால் சில மணி நேரத்தில் உன் படிக்கட்டுக்கு வந்துவிடும், தண்டோராவும் கிடையாது.

அதற்காகக் கேபினை விடாதே. பணம் போனதுதான், தூங்குவதற்கு வைத்துக்கொள். இங்கே விதி ஒன்றுதான்: அணைக்கு மேலே இருப்பது ஏரி, வெதுவெதுப்பு, குளிக்கலாம். அணைக்குக் கீழே இருப்பது பார்க்க மட்டும். பிரான்சனிலும் இதே கதை. டேபிள் ராக்கில் குளிக்கலாம், அணைக்குக் கீழே டேனிகோமோவில் பல் கிட்டிக்கும். எல்லாம் இதே வொயிட் ரிவர்தான். உங்கள் ஊர்ப் பக்கம் பீவர் ஏரியாக நின்று, மிசௌரிக்குள் போய்விட்டு, திரும்பவும் ஆர்கன்சாவுக்கு வருகிறது.

சனிக்கிழமை சாயங்காலம் குட்டிக்கு. மவுண்டன் ஹோமுக்குக் கிழக்கே நோர்ஃபோர்க் ஏரி, அதில் கிரான்ஃபீல்ட் பார்க். ராணுவப் பொறியாளர் படை நடத்துகிற நீச்சல் கரை, காருக்கு 5 டாலர். கயிறு கட்டி மிதவை போட்டிருப்பார்கள், அதைத் தாண்டவேண்டாம். காவலாள் யாரும் இருக்கமாட்டார்கள். கையில் ஊதி மாட்டுகிற பொம்மைப் பட்டையை நம்பாதே, அளவான லைஃப் ஜாக்கெட் வாங்கு. படகில் ஏறினால் 12 வயது வரைக்கும் அது சட்டமே.

ஞாயிறு காலை அம்மாவுக்கு. காட்டரிலிருந்து முக்கால் மணி நேரம், யெல்வில் தாண்டித் தெற்கே, பஃபலோ பாயின்ட். பஃபலோ ஆற்றின் குறுக்கே அணையே கிடையாது. அறுபதுகளில் கட்டத்தான் பார்த்தார்கள். நீல் காம்ப்டன் என்ற டாக்டரும் அவர் 1962-இல் தொடங்கிய ஓசார்க் சொசைட்டியும் விடாமல் சண்டை போட்டு, 1972-இல் நாட்டின் முதல் தேசிய ஆறாக அறிவிக்க வைத்தார்கள். அதனால் தண்ணீர் மழைக்குத்தான் ஏறும். முந்தின இரவு இடி மழை என்றால் இறங்காதே. நுழைவுக் கட்டணம் இல்லை. எதிர்க்கரையில் பெரிய பாறைச்சுவர், இந்தப் பக்கம் கூழாங்கல் கரை. ஆகஸ்டில் மேல்பகுதி பாதி வறண்டுவிடும், ஆனால் இந்தக் கீழ்ப்பகுதியில் தண்ணீர் நிற்கும். கல் உருளும், அம்மாவுக்கு வார் வைத்த செருப்பும் மடக்கு நாற்காலியும் கட்டாயம்.

என் மாமியாரை அழைத்துப்போனபோது புடவையோடு இறங்கினார். முழங்காலளவுத் தண்ணீரில் புடவை பாய்மரம் மாதிரி விரிந்து ஆளையே இழுத்தது. நல்லவேளை, தலைப்பு என் கையில் இருந்தது. கரையோரம் உட்கார்ந்து செம்பில் மொண்டு ஊற்றிக்கொள்ளச் சொல்.

டேபிள்ராக்

பஃபலோவுக்கு கில்பர்ட் இன்னும் நல்லது. சின்னஞ்சிறு ஊர், 1901-இல் தொடங்கிய, மரத்தால் கட்டிய பலசரக்குக் கடை, எதிரே நடந்தால் ஆறு.

ஓசார்க்அக்கா

நல்ல ஊர்தான். ஆனால் காட்டரிலிருந்து இன்னும் தூரம், அம்மாவுக்குத் தாங்காது. லிட்டில் ராக்கில் இருப்பவர்கள் போகட்டும்.

திருச்சிப்பொண்ணு

அக்கா, பூ, காப்பரிசி, தீபம் எல்லாம் ஆற்றில் விடலாமா? அம்மா வாழை மட்டைகூடத் தேடி வாங்கி வைத்திருக்கிறார்.

ஓசார்க்அக்கா

விடவேண்டாம். அது தேசியப் பூங்காத் துறையின் இடம், எதை விட்டாலும் குப்பை போட்டதாகத்தான் கணக்கு. செம்பில் ஆற்றுத் தண்ணீர் எடுத்துக் கரையில் வை, பொட்டு வைத்துப் பூ சுற்று, பூஜை முடிந்ததும் தண்ணீரை மட்டும் ஆற்றிலேயே ஊற்று. பூவும் மட்டையும் திரும்ப வண்டிக்கு. கற்பூரம் ஏற்றுமுன் அந்த மாவட்டத்தில் நெருப்புத் தடை இருக்கிறதா என்று பார்த்துக்கொள். கண்ணாடி பாட்டிலே கூடாது. ஊறுகாயையும் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்று.

அப்புறம் யுரேக்கா ஸ்பிரிங்ஸ் வழியாகப் போகாதே. ஊர் பார்க்க அழகுதான், ஆனால் வளைவு வளைவாக வரும். பின்சீட்டில் அம்மாவுக்கும் குட்டிக்கும் வயிறு புரட்டும். ஸ்பிரிங்டேல் போய் 412-ஆம் நெடுஞ்சாலையைப் பிடி. பஃபலோ பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைக்காது, வரைபடத்தை இன்றிரவே போனில் இறக்கு. புல்லில் நடந்துவிட்டு வந்தால் குட்டியின் காதுமடல், அக்குள், முழங்கால் மடிப்பு எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பார். இருட்டுமுன் கேபினுக்குத் திரும்பு, சாலையில் மான் குறுக்கே வரும்.

தூண்டில்காரன்

கேபினில்தான் இருக்கிறீர்களே, சனிக்கிழமை மாலை காட்டரில் பிக் ஸ்பிரிங் பார்க்கில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். ஊற்றுத் தண்ணீர் தரையிலிருந்து வரும். ஜில்லென்றுதான் இருக்கும், ஆனால் பாலம் அங்கிருந்து தெரியும்.

திருச்சிப்பொண்ணு

அம்மாவுக்கு எல்லாவற்றையும் படித்துக்காட்டினேன். "இங்கேயும் மேட்டூர்க்காரன் இருக்கிறானா" என்று கேட்டுவிட்டு, தயிர் சாதத்துக்கு அரிசி ஊறப்போடப் போய்விட்டார். புளிக்காய்ச்சல் தயார். லைஃப் ஜாக்கெட் இன்றே வாங்கிவிட்டோம், 30 பவுண்டு அளவு. காலை எட்டுக்குக் கிளம்பலாமா?

ஓசார்க்அக்கா

ஏழுக்குக் கிளம்பு. 30 பவுண்டு என்றால் எதற்கு மேல், எதற்குக் கீழ்? பட்டையில் எழுதியிருக்கும், குட்டியை நிறுத்தி எடை பார். போட்டுவிட்டு தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கு, காதுக்கு மேல் ஏறினால் அது பெரிது, மாற்றிவிடு.