காவிரிக்காரன் கண்ட உப்பங்கழி

பென்னாகரத்துப் பையன்:
எங்கப்பா ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டினவர். அதனால் தண்ணீரைப் பற்றி நமக்குத் தெரியாததா என்று ஒரு நினைப்பு. அந்தமானில் பாராட்டாங் தீவுக்குப் போனதில் அது போயே போச்சு.

விடியுமுன் ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசை. ஜாரவா பழங்குடி மக்களின் காட்டு வழியே கான்வாயில், வண்டிகள் வரிசையாகப் போகவேண்டும். வண்டியை நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. அப்புறம் ஜலசந்தியைக் கடந்து, சுண்ணாம்புக் குகைக்குச் சின்ன மோட்டார் படகு. கடைசிக் கொஞ்ச தூரம் அலையாத்திக் காட்டுக்குள் வாய்க்கால் மாதிரி குறுகிவிடுகிறது. மரங்களெல்லாம் முட்டுக்கொடுத்த வேர்களில் நிற்கின்றன. கிளை தலையில் இடிக்கும், குனிந்துகொண்டே போனோம்.

படகுக்காரர் நம்மாள். "அண்ணே, இந்த ஆறு எங்க உற்பத்தியாகுது?" என்றேன். சிரித்துவிட்டார். "ஆறா? வாயில வச்சுப் பாருங்க தம்பி." ஒரே உப்பு. "சரி, கையை உள்ள எடுங்க, முதலை இருக்கு!"

போகும்போது எதிர்த்து வந்த தண்ணீர், திரும்பும்போதும் எதிர்த்தே வந்தது. வெளியே தெரிந்த வேர்கள் பாதி முழுகியிருந்தன. அப்பாவிடம் சொன்னேன். நம்பவில்லை.

நாகமரை பெரியசாமி வீடு:
இதில் என்ன அதிசயம் தம்பி? மேட்டூர் அணையில் 120 அடி நிற்கும்போது எங்கள் பக்கம் வந்து பாருங்கள். மலை இடுக்கில் இருக்கும் ஓடைக்குள்ளெல்லாம் தண்ணீர் ஏறி நிற்கும். அங்கேயும் அதே கதைதான். பர்மாவின் அரக்கான் மலைத்தொடர் கடலுக்கடியில் நீண்டு போகிறது. தலை தெரிகிற இடம் தீவு, பள்ளத்தில் கடல் ஏறின இடம் கழி. நம் அணையில் தண்ணீர் இறங்க மாசக்கணக்காகும், அங்கே கடலின் ஏற்றவற்றத்தால் ஆறு மணி நேரம். நிலமேகூட ஏறி இறங்குகிற ஊர் அது. 2004 நிலநடுக்கத்தில் வடக்கே திக்லிப்பூர்ப் பக்கம் பவளப்பாறை வெளியே வந்தது. தெற்குக் கோடியில் இந்திரா முனை நாலு மீட்டர் இறங்கி, கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்துகொண்டது.

கிருஷ்ணகிரி மாங்காய்:
நாங்கள் அந்தக் கழிக்குப் போன நேரம் கடல் நன்றாக இறங்கியிருந்த வற்றம். படகு தரைதட்டிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. நீர் ஏறும்வரை காத்திருங்கள் என்றார்கள். வெயில் வேறு. சேற்றில் விரல் நீளத்துக்கு மீன்கள், துடுப்பை ஊன்றி ஊன்றி வேர்மேல் ஏறிக்கொண்டிருந்தன. என் சின்ன மகள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மீனே இறங்கி நடக்குதே, நாம மட்டும் ஏம்ப்பா உட்கார்ந்திருக்கோம்?"