புதிய ஐஸ் ஹாக்கி அணி, முதல் சீசன்: எதை முதலில் சரிசெய்வது?

சென்டர்19

வணக்கம். புதிதாகச் சேர்த்த அணி, உள்ளூர் அமெச்சூர் லீகில் முதல் சீசன். உடல் மோதலுக்கு அனுமதி இல்லாத பிரிவு. 12 ஸ்கேட்டர் (கோலி அல்லாத ஆட்டக்காரர்), 1 கோலி (கோல்காப்பாளர்). பாதிப் பேர் சக்கர ஸ்கேட்டில் ரோலர் ஹாக்கி ஆடியவர்கள். பயிற்சி ஆட்டங்களில் முதல் பீரியட் சமமாகப் போகிறது. இரண்டாவதில் வரிசையாக மூன்று, நான்கு கோல் வாங்குகிறோம். மூன்றாவதில் மறுபடி தேறிவிடுகிறோம். தம் போதவில்லையா, வேறு ஏதாவதா? வாரத்துக்கு 60 நிமிட ஐஸ்தான் கிடைக்கும். அதில் எதைச் செய்வது?

நீலக்கோடு

மூன்றாவதில் தேறுகிறீர்கள் என்றால் தம் பிரச்சினை இல்லை. பென்ச்தான் (ஆட்டத்தின் நடுவே ஆள் மாறும் இடம்) பிரச்சினை.

முதல், மூன்றாம் பீரியடுகளில் உங்கள் பென்ச் உங்கள் கோல் இருக்கும் பாதியில் இருக்கும். இரண்டாவதில் பக்கம் மாறுவதால் அது எதிரணியின் பாதிக்குப் போய்விடுகிறது. களைத்த டிஃபன்ஸ்காரர் வெளியே வர நடுக்கோட்டைத் தாண்டி ஸ்கேட் செய்ய வேண்டும். பக்கை (ஆடும் ரப்பர் வட்டு) தன் பகுதியிலிருந்து அரைகுறையாகத் தள்ளிவிட்டு அவர் மாறக் கிளம்பினால், எதிரணி அதை நடுவிலேயே பிடித்துத் திரும்பிவிடும். பின்னால் யாரும் இல்லை. மாறாமல் நின்றாலோ ஒன்றரை நிமிடம் மூச்சிரைக்க நிற்கிறார். பயத்தில் நீளமாக அடித்து ஐசிங் (நடுக்கோட்டுக்கு முன்பிருந்தே எதிரணியின் கோல்கோட்டைத் தாண்ட அடிக்கும் தவறு) ஆனால் இன்னும் மோசம். பல லீக் விதிகளில் ஐசிங் செய்த அணி ஆள் மாற்ற முடியாது. அதே களைத்த ஐவரோடு உங்கள் கோலுக்குப் பக்கத்திலேயே ஃபேஸ்ஆஃப் (நடுவர் பக்கைப் போட்டு ஆட்டத்தை மறுபடி தொடங்குவது).

செய்ய வேண்டியது: பக் நடுவிலுள்ள சிவப்புக் கோட்டைத் தாண்டிய பிறகே எதிரணியின் மூலைக்கு அனுப்புங்கள், அப்போது ஐசிங் வராது. ஒரு ஃபார்வர்டு அங்கே போய் அழுத்தம் கொடுக்கட்டும். அந்த நேரத்தில் டிஃபன்ஸ் ஜோடி முதலில் மாறட்டும், மற்ற ஃபார்வர்டுகள் அதற்குப் பிறகு. பக் நம் பகுதியை நோக்கி வரும்போது யாரும் மாறக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் எல்லோரும் மனதில் ஏற்றினாலே இரண்டு கோல் மிச்சம்.

ஷிஃப்ட், அதாவது ஒருவர் ஒருமுறை இறங்கி ஆடும் நேரம், 40 முதல் 45 வினாடி. ஆடாத ஒருவர் பென்ச்சில் நின்று 40 ஆனதும் சத்தம் போட வேண்டும், ஆடுபவருக்கு நேரம் தெரியாது. வெளியே வருபவர் 'லெஃப்ட்', 'சென்டர்' என்று தன் இடத்தைக் கத்திக்கொண்டே வரட்டும். அவர் பென்ச்சுக்கு ஏறத்தாழ 1.5 மீட்டர் அருகில் வந்த பிறகே அடுத்தவர் இறங்கலாம். முந்திக்கொண்டால் ஆள் அதிகம் என்று 2 நிமிடப் பெனால்டி. புது அணிகள் முதல் சில ஆட்டங்களில் இந்தப் பெனால்டியை எளிதில் வாங்கிவிடும்.

12 ஸ்கேட்டர் போதாது. அமெச்சூர் ஆட்டத்தில் இரண்டு மூன்று பேர் வராமல் போவது வழக்கம். ஆட்டத்துக்குக் குறைந்தது 10 ஸ்கேட்டர் வந்தால்தான் இரண்டு லைன் (மூன்று ஃபார்வர்டு கொண்ட குழு), இரண்டு டிஃபன்ஸ் ஜோடி கிடைக்கும். பட்டியலில் 15 பேர் வையுங்கள். 18-க்கு மேல் போனால் ஐஸ் நேரம் கிடைக்கவில்லை என்ற முணுமுணுப்பு தொடங்கும்.

கிரீஸ்காவலன்

ஸ்கேட்டர் எண்ணிக்கையை விடுங்கள், 1 கோலியோடு சீசன் தொடங்குவதுதான் பெரிய ஆபத்து. மாற்றுக் கோலியாக யாரை ஆடவைக்கலாம், எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்று லீகிடம் இப்போதே எழுத்தில் கேட்டு வையுங்கள். ஆட்டத்தன்று மாலையில் கேட்டால் 'பதிவு செய்யாத ஆள்' என்று புள்ளியைப் பறிப்பார்கள்.

இன்னொன்று: வார்ம்அப். எல்லோரும் வரிசையில் நின்று ஓங்கி அடிப்பது கோலிக்குத் தொல்லை. முதல் சுற்று தூரத்திலிருந்து, கையுறைக்கும் பேடுக்கும் மெதுவாக. அடுத்து இரு பக்கத்திலிருந்தும் கோணங்கள். தலை உயரத்துக்கு யாரும் அடிக்க வேண்டாம். ஒரு ஷாட்டை முடித்து அவர் நிமிர்ந்த பிறகே அடுத்தவர் கிளம்பட்டும்.

அரைஅங்குலம்

ரோலரிலிருந்து வருபவர்களுக்கு நிற்பதுதான் சிக்கல். அவர்கள் நிற்பதற்குப் பதில் வட்டமடித்துத் திரும்புவார்கள், அந்த வட்டத்துக்குள் எதிரணி கடந்து போய்விடும். பயிற்சியின் முதல் 10 நிமிடம் கோட்டுக்குக் கோடு ஓடி நிற்பது மட்டும், வலப்பக்கமும் இடப்பக்கமும் சம எண்ணிக்கையில். பலவீனமான பக்கத்தைத் தவிர்க்கவிடாதீர்கள்.

பிளேடு தீட்டும்போது அதன் அடியில் நீளவாக்கில் போடும் குழிவின் ஆரத்தைச் சொல்லிக் கேளுங்கள்; ஆரம் சிறிதானால் குழிவு ஆழம். 3/8 அங்குலம் ஐஸை ஆழமாகக் கடிக்கும், புதியவர் நிற்கப் போய் குப்புற விழுவார். 1/2 அல்லது 5/8 நல்ல தொடக்கம். எடை அதிகமுள்ளவர் 5/8, ஒல்லியானவர் 1/2. வாங்கி வந்ததும் பிளேடின் குறுக்கே ஒரு நாணயத்தை வைத்துப் பாருங்கள். சாய்ந்திருந்தால் ஒரு விளிம்பு உயரம், திருப்பிக் கொடுங்கள். 4 முதல் 6 மணி நேர ஐஸுக்கு ஒருமுறை தீட்டினால் போதும். துடைக்காமல் ரப்பர் உறைக்குள் போட்டு வைத்தால் துருப் பிடித்து அதற்கு முன்பே மழுங்கிவிடும்.

நீலக்கோடு

மீதி 50 நிமிடத்தில் பவர் பிளே (பெனால்டியால் எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரம்) பயிற்சி வேண்டாம். உங்களுக்குக் கிடைக்கப்போகிற பவர் பிளே ஆட்டத்துக்கு இரண்டு மூன்று, நம் பகுதியிலிருந்து பக்கை வெளியே கொண்டுவரும் சந்தர்ப்பமோ பல மடங்கு. 25 நிமிடம் அதற்கே: டிஃபன்ஸ் கோலுக்குப் பின்னால் பக்கை எடுக்கிறார், விங் (ஓர ஃபார்வர்டு) ரிங்கைச் சுற்றியுள்ள பலகையோரம் நிற்கிறார், சென்டர் (நடு ஃபார்வர்டு) நம் கோல் பக்கம் தாழ இறங்கி நடுவில் உதவுகிறார். விங் சீக்கிரமே மேலே ஓடிவிடுவதுதான் புது அணியின் நோய். கடைசி 15 நிமிடம் பாதி ரிங்கில் மூவருக்கு மூவர் ஆட்டம்.

அரைஅங்குலம்

பவர் பிளேயை விடலாம், பெனால்டி கில்லை (நம் ஆள் பெனால்டியில் இருக்கும்போது தடுத்தாடுவது) விடக்கூடாது என்பேன். நால்வர் சதுரமாக நின்று நடுவை மூடுவது, பக்கைத் துரத்தாமல் இருப்பது. மீதமுள்ள 10 நிமிடத்தை அதற்குக் கொடுங்கள்.

சென்டர்19

நன்றி. பென்ச் பக்கம் யோசிக்கவே இல்லை. ஒன்று மட்டும்: கழுத்துக் காப்பு எங்கள் லீகில் கட்டாயமில்லை, வாங்கச் சொல்வதா?

கிரீஸ்காவலன்

சொல்லுங்கள். 2023-இல் ஆடம் ஜான்சன் ஆட்டத்தின் நடுவே ஸ்கேட் பிளேடு கழுத்தில் வெட்டி இறந்த பிறகு சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பு தன் போட்டிகளில் கட்டாயமாக்கிவிட்டது. வெட்டைத் தாங்கும் துணியில் செய்ததா என்று பார்த்து வாங்குங்கள், வெறும் குளிர்க் கழுத்துப்பட்டை உதவாது. பென்ச் பெட்டியில் ஹெல்மெட் திருகாணி, ஸ்க்ரூடிரைவர், உபரி லேஸ், டேப், முகக்கூண்டின் கொக்கி இருக்கட்டும். கூண்டுக் கொக்கி உடைந்தால் அந்த ஆள் அன்றைக்கு ஆட முடியாது.