அம்மாட மறதி பிரஷராலயா வந்தது? எனக்கும் 44 வயசில பிரஷர் எண்டு சொல்லுறாங்கள்

கோண்டாவில் மகள்:
எல்லாருக்கும் வணக்கம். கன நாளா வாசிச்சுக் கொண்டு தான் இருக்கிறன், எழுதிறது இது தான் முதல் தரம்.

அம்மாக்கு 76. போன மாரி முடிஞ்ச கையோட தான் கவனிச்சம். அடுப்பில சொதியை வைச்சிட்டு முத்தத்துக்குப் போயிடுவா, கரிஞ்சு மணக்கிற வரைக்கும் திரும்பி வரமாட்டா. ஊரில ஆற்ற பிள்ளை என்ன நட்சத்திரம், ஆற்ற கலியாணம் எந்த வருசம் எண்டு கேட்ட உடன சொல்லுற மனுசி, இப்ப நல்லூர்க் கொடியேத்தம் முடிஞ்சுதோ எண்டு ஒரு நாளில நாலு தரம் கேக்கிறா. அண்ணா லண்டனில இருந்து வீடியோவில வந்தால் வடிவாச் சிரிச்சுக் கதைப்பா, ஃபோனை வைச்ச பிறகு "ஆர் பிள்ளை உது" எண்டு கேப்பா. அதைக் கேட்டிட்டு நான் குசினிக்குள்ள போய் நிண்டிடுவன்.

வயசு போனால் அறளை பேரும் தானே எண்டு மாமி சொல்லுறா. ஆனா ஸ்கானைப் பாத்த டொக்டர் சொன்னது வேற. மூளைக்குள்ள சின்னச் சின்ன ரத்தக் குழாயள் பழுதான அடையாளம் கனக்க இருக்குது, அம்மாக்கு எப்ப தொடக்கம் பிரஷர் எண்டு கேட்டார். 95 இடம்பெயர்வில தென்மராட்சியில ஒரு பள்ளிக்கூடத்தில இருந்த நேரம் தலைசுத்தி விழுந்து, அப்ப தான் முதல் முதல் அளந்து பிரஷர் எண்டு சொன்னவை. அம்மாக்கு அப்ப 46. குளிசை கிடைக்கிறதே கஷ்டமான காலம், ஒரு காட் கிடைச்சால் தலையிடிக்கேக்க மட்டும் போடுறது எண்டு மிச்சம் பிடிச்சு வைப்பா. பேந்து எல்லாம் சரியாகி ஆஸ்பத்திரியில மாசா மாசம் சும்மா குடுத்த காலத்திலயும் அந்தப் பழக்கம் போகேல்லை. அம்மா தன்ர பாட்டில விட்டவ, நாங்களும் கவனிக்கேல்லை எண்டது தான் என்னை இப்ப தின்னுது.

மற்றது என்ர கதை. போன மாசம் பள்ளிக்கூடத்துக்கு வந்து எல்லா ரீச்சர்மாருக்கும் அளந்தவை, எனக்கு 148/94. ஒரு கிழமை கழிச்சுப் பாத்தால் 146/92. எனக்கு ஒரு நோவும் இல்லை, ஓடி ஓடி வேலை செய்யிறன். குளிசை தொடங்கினால் சாகும் வரைக்கும் நிப்பாட்டேலாது, அதால தொடங்காத எண்டு இவற்ற பக்கத்து ஆக்கள் எல்லாரும் சொல்லுகினம். அம்மாட மறதி உண்மையிலயே அந்தப் பிரஷரால தானா? அப்பிடியெண்டால் எனக்கும் 30 வருசத்தில உதே நிலைமையா? தெரிஞ்ச ஆக்கள் தயவு செய்து சொல்லுங்கோ.

சுன்னாகம் ஓய்வு நேர்ஸ்:
தங்கச்சி, முதல் அழுகையை நிப்பாட்டுங்கோ. நான் 31 வருசம் வேலை செய்தனான், அதில கனகாலம் மெடிக்கல் கிளினிக்கில. தலையிடிச்சால் மட்டும் பிரஷர் குளிசை போடுற அம்மாமாரை நூற்றுக்கணக்கில கண்டிருக்கிறன், உங்கட அம்மா மட்டும் செய்த பிழை இல்லை அது. பிரஷருக்கு நோவு இல்லை, நோவு இல்லாட்டி வருத்தமும் இல்லை எண்டு தான் எங்கட சனம் நினைக்கிறது. அதை விளங்கப்படுத்த எங்களுக்கும் கிளினிக்கில நேரம் கிடைக்கிறேல்லை, ஒரு காலமைக்குள்ள அத்தனை கொப்பி.

எங்கட உடம்பு நிறையில மூளை நூற்றுக்கு 2 பங்கு தான், ஆனா இதயம் அடிக்கிற ரத்தத்தில கிட்டத்தட்ட 15 இல இருந்து 20 வீதம் அங்க தான் போகுது. மூளையின்ர உள்பக்கத்துக்குப் போற குழாயள் தலைமயிர் போல மெல்லிசு. வருசக்கணக்கா கூடின அழுத்தத்தில ரத்தம் அடிச்சால் அந்தச் சின்னக் குழாயள் தடிச்சு, இறுகி, சிலது அடைபடும், சிலது கசியும். ஒவ்வொண்டும் ஒரு குண்டூசித் தலையளவு இடத்தைத் தான் பழுதாக்கும், கை கால் இழுக்காது, வாய் கோணாது, அதால ஒருத்தருக்கும் தெரியாது. பாரிசவாதம் எண்டால் உடன ஆஸ்பத்திரிக்கு ஓடுவினம், இது சத்தமில்லாமல் 30 வருசம் சேரும்.

அம்மாக்கு இனி ஒண்டும் செய்யேலாது எண்டு நினைக்காதேங்கோ. பழுதானது திரும்பாது, ஆனா அடுத்த அடைப்பு வராமல் பாக்கலாம். கிளினிக் கொப்பியைக் கொண்டு போய் குளிசையை நீங்களே உங்கட கையால குடுங்கோ, அவவின்ர ஞாபகத்தில விடாதேங்கோ. தைரொய்ட், பி12 விற்றமின் ரெண்டும் பாத்தவையோ எண்டு டொக்டரைக் கேளுங்கோ, அதில குறை இருந்தாலும் மறதி வரும், அது மருந்தில திருத்தலாம். காது கேக்கிறது எப்பிடி எண்டும் ஒருக்கா பாக்க வேணும். இன்னொண்டு, இந்த வயசில பிரஷர் மெத்தக் குறைஞ்சாலும் தலைசுத்தி விழுவினம், அதால ஆரும் சொன்னதைக் கேட்டுக் குளிசையைக் கூட்டிறது குறைக்கிறது கூடாது.

ஸ்காபரோ தம்பி:
அக்கா, நீங்கள் எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். என்ர அப்பாக்கும் இப்பிடித் தான். அவருக்கு அது படி இறங்கிற மாதிரி வந்தது. மூண்டு நாலு மாசம் ஒரே மாதிரி இருப்பார், திடீரெண்டு ஒரு கிழமையில ஒரு படி கீழ, பிறகு அந்தப் படியிலயே கொஞ்சக் காலம். இங்கத்தை டொக்டர் அதைக் கேட்ட உடனயே இது ரத்தக் குழாயால வாற மறதி எண்டு சந்தேகப்பட்டவர். அல்சைமர் எண்ட மற்ற வகை மறதி வருத்தம் எண்டால் பெரும்பாலும் மெல்ல மெல்லச் சரியும். ஆனா வயசான ஆக்கள்ல ரெண்டும் கலந்து தான் கனபேருக்கு இருக்கிறதாம், அப்பாக்கும் அப்பிடித் தான் கடைசியில சொன்னவை.

அப்பா பருத்தித்துறையில இருக்கேக்க சுருட்டு, இங்க வந்து சிகரட், சலரோகம் 50 வயசில, கொலஸ்ட்ரோல் குளிசையைத் தானாவே நிப்பாட்டினவர். 2024 இல லான்செட் எண்ட மருத்துவ இதழின்ர குழு ஒரு அறிக்கை விட்டது, உலகத்தில வாற மறதி வருத்தத்தில கிட்டத்தட்ட 45 வீதம் 14 காரணங்களோட தொடர்புபட்டது, அந்த 14 ஐயும் நாங்கள் மாத்தலாம் எண்டு. நடு வயசுப் பிரஷர், சலரோகம், புகை, உடல் பருமன், உடம்பை அசைக்காமல் இருக்கிறது எல்லாம் அதில இருக்குது. அந்த வருசம் புதுசா சேர்த்த ரெண்டில ஒண்டு நடு வயசில கூடின எல்டிஎல் எண்ட கெட்ட கொலஸ்ட்ரோல், மற்றது கவனிக்காமல் விட்ட கண்பார்வைக் குறைபாடு. அந்தப் பட்டியலை வாசிக்கேக்க அப்பாவின்ர வாழ்க்கையை ஆரோ எழுதி வைச்ச மாதிரி இருந்தது எனக்கு. உங்களுக்கு 44 தான் அக்கா. அப்பாக்கு 44 இல ஆரும் இதைச் சொல்லேல்லை.

வடமராட்சியான்:
எல்லாரும் பயப்பிடுத்திறியள் எண்டு நினைக்கிறன். என்ர அம்மம்மாக்கு 93, பிரஷர் 50 வயசில இருந்து இருக்குது, கருவாடும் மோர்மிளகாயும் இல்லாமல் சாப்பிட மாட்டா, இண்டைக்கும் தேவாரம் ஒரு சொல் விடாமல் பாடுவா. பக்கத்து வீட்டு மாஸ்டருக்குப் பிரஷரும் இல்லை சீனியும் இல்லை, 68 இல மனுசியின்ர பேர் தெரியாமல் போச்சு. பிறகு எப்பிடிப் பிரஷரால தான் எண்டு சொல்லுறது?

மருத்துவபீடப் பெடியன்:
அண்ணை, நீங்கள் சொல்லுற ரெண்டு பேரும் உண்மை தான், அப்பிடி ஆக்கள் இருப்பினம். பிரஷர் இருந்தால் கட்டாயம் வரும் எண்டும் இல்லாட்டி வரவே வராது எண்டும் ஒருத்தரும் சொல்லேல்லை. மாஸ்டருக்கு வந்தது வேற வகையா இருக்கலாம். ஒரு வீட்டைப் பாத்தால் இது தெரியாது, ஆயிரக்கணக்கான ஆக்களைக் கன வருசம் பாத்தால் தான் தெரியும்.

லண்டனில அரச உத்தியோகத்தர்மாரை 1985 இல இருந்து தொடர்ந்து பாத்துக் கொண்டு வருகினம், வைட்ஹோல் ஆய்வு எண்டு. அதில 50 வயசில பிரஷரின்ர மேல் அளவு (148/94 எண்டால் முன்னுக்கு இருக்கிற 148) 130 ஓ அதுக்கு மேலயோ இருந்த ஆக்களுக்குப் பிற்காலத்தில மறதி வருத்தம் கூட. 60, 70 வயசில அளந்த பிரஷருக்கு அந்தத் தொடர்பு தெரியேல்லை. இதைப் படிச்ச அண்டைக்கு எனக்கு நித்திரை வரேல்லை, ஏனெண்டால் எங்கட கிளினிக்குக்கு வாற முக்கால்வாசிப் பேர் 60 தாண்டின ஆக்கள், 40 வயசுக்காரர் வேலை வேலை எண்டு வாறதே இல்லை.

குறைச்சால் பலன் இருக்கோ எண்டு கேட்டால், அமெரிக்காவில 9,361 பேரை வைச்சுப் பாத்தவை, 2019 இல முடிவு வந்தது. மேல் அளவை 120 க்குக் கீழ கொண்டு வந்த ஆக்களுக்கு மறதியின்ர ஆரம்ப நிலை 19 வீதம் குறைவு. முழு மறதி வருத்தத்துக்குக் குறைவு தெரிஞ்சாலும் அப்ப உறுதியாச் சொல்லேலாமல் போச்சு. பிறகு சீனாவில 326 கிராமத்தில கிட்டத்தட்ட 34,000 பேர், எல்லாருக்கும் 40 வயசுக்கு மேல, கட்டுப்படாத பிரஷர். பெரிய டொக்டர்மார் இல்லை, கிராமத்து வைத்திய உதவியாளர் தான் குளிசை குடுத்து, அளந்து, பழக்கவழக்கம் சொல்லிக் குடுத்தவை. 4 வருசத்தில மறதி வருத்தம் 15 வீதம் குறைஞ்சுது, 2025 இல வெளிவந்தது. அவையளால ஏலுமெண்டால் எங்கட ஊர்களிலயும் ஏலும்.

கோண்டாவில் அக்கா, குளிசையை நிப்பாட்டேலாது எண்டு பயப்பிடுறது குளிசையைப் பாத்து, உண்மையில நிப்பாட்டேலாதது பிரஷர் தான். உப்பு, நிறை, நடை எல்லாம் சரிவந்தால் டொக்டர் குறைக்கவும் கூடும். உங்கட அளவுக்கு ரெண்டு தரம் பாத்தது காணாது, வீட்டில ஒரு கிழமை காலமையும் பின்னேரமும் இருந்து ஆறி அளந்து எழுதிக் கொண்டு போங்கோ. அதோட சீனியும் கொலஸ்ட்ரோலும் ஒருக்கா பாருங்கோ. 35 வயசுக்கு மேல ஆக்களுக்கு அரச ஆஸ்பத்திரியள்ல உதெல்லாம் சும்மா பாக்கிற கிளினிக் இருக்குது, கேட்டுப் பாருங்கோ.

சுன்னாகம் ஓய்வு நேர்ஸ்:
தம்பி சொன்னது முழுக்கச் சரி. உப்பைப் பற்றி ஒண்டு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி, அவ்வளவு தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லுறது. எங்கட வீட்டில அந்த அளவு காலமைச் சம்பலோடயே அரைவாசி முடிஞ்சிடும். உப்பை ஒரேயடியா நிப்பாட்டினால் ஒருத்தரும் சாப்பிட மாட்டினம், கிழமைக்குக் கிழமை குறையுங்கோ, தேசிக்காய் கூடப் பிழியுங்கோ, நாக்கு ஒரு மாசத்தில பழகும். கருவாட்டை ஞாயிறுக்கு மட்டும் வையுங்கோ.

கோண்டாவில் மகள்:
எல்லாருக்கும் நன்றி. 11 நாளுக்குப் பிறகு எழுதிறன். அளந்து எழுதின துண்டைக் கொண்டு போய்க் காட்டினனான், டொக்டர் ஒரு குளிசை தொடங்கியிருக்கிறார், கொலஸ்ட்ரோல் கொஞ்சம் கூட, சீனி இல்லை. இவரும் எனக்காக வந்தவர், அங்க அவருக்கும் அளக்கச் சொன்னன், அவருக்கு 152. இப்ப பின்னேரத்தில ரெண்டு பேரும் பண்ணைப் பக்கம் நடக்கிறம், வீட்டில ஆக்கள் நிண்டு பாக்கிற நாளில அம்மாவையும் கூட்டிக் கொண்டு போறம், அவ கடலைப் பாத்துக் கொண்டு வாங்கில இருப்பா.

அம்மாக்கு பி12 குறைவு எண்டு வந்திருக்குது, ஊசி தொடங்கினவை. பெரிசா மாறும் எண்டு நம்பச் சொல்லேல்லை. குளிசை ரெண்டு பேருக்கும் ஒரே நேரம், காலமை தேத்தண்ணியோட. நான் என்ர குளிசையை அவவுக்கு முன்னால வாயில போடுறன், அதைப் பாத்திட்டு அவவும் கையை நீட்டுறா.